கண்ணீர் வராதவனுக்குத் தேவனுடைய துக்கத்தில் பங்கு உண்டா?

பினாங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் கேட்ட கேள்வி இது. பெயரை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மும்மணி ஆராதனைக்குப் போனேன். 'பாவத்தைப் பார்த்துத் தேவன் துக்கப்படுகிறார், அந்தத் துக்கத்தில் நமக்கும் பங்கு வேண்டும்' என்று போதகர் சொன்னார். சுற்றிலும் நிறையப் பேர் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எல்லாம் அறிந்த தேவன் எப்படித் துக்கப்பட முடியும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் ஆன்லைன் சூதாட்டத்தில் விழுந்து, ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரனிடம், கடன் வாங்கி, எங்கள் வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். இப்போது வீட்டிலும் இல்லை. அம்மா ராத்திரியில் ஹாலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டே அழுவார். நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அவன்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது, துக்கம் வரவில்லை. என்னிடம் ஏதாவது கோளாறா? அந்தத் துக்கம் எப்படி வரும்? வந்தால் எப்போதும் சோகமாகவே இருக்க வேண்டுமா?"

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. சபாவிலும் சரவாக்கிலும்தான் உண்டு. அதனால் நம் பக்கத்தில் அன்றைக்கு மத்தியானம் சர்ச்சில் உட்கார்ந்திருக்கிற பெரும்பாலோர் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வந்தவர்கள். பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், தொழிற்சாலைச் சட்டையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் லீவு போட்டு வந்து அந்த மூன்று மணி நேரம் உட்கார்ந்தீர்கள். கண்ணீர் வராததை வைத்து அந்த மூன்று மணி நேரத்தை நீங்களே தள்ளுபடி செய்துவிட வேண்டாம்.

நம் ஜனங்களிடம் துக்கம் கேட்கப் போகிற வழக்கம் உண்டு, இல்லையா? ஒரு வீட்டில் சாவு விழுந்தால் செய்தி கேட்டவுடன் கிளம்புகிறோம். போகிறவர் தன் வீட்டிலிருந்து துக்கத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போவதில்லை. துக்கம் அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடாரத்துக்கு அடியில் போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காருகிறார். எப்போது ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்கிறார். வீட்டார் சொல்லச் சொல்ல, கொஞ்ச நேரத்தில் இவருக்கும் தொண்டை அடைக்கிறது. சிலருக்கு அடைப்பதில்லை. ஆனாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 'அவர் வந்திருந்தார்' என்று அந்த வீட்டார் வருஷக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள்.

தேவனுடைய துக்கத்தில் பங்கு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். துக்கம் அவருடையது. அதை நாம் நமக்குள் தயாரிக்க வேண்டியதில்லை. போய் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். 'எப்படி வரும்' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த வீட்டில் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பற்றியது.

வேதாகமத்தில் தேவனுடைய துக்கம் முதன்முதலில் வெளிப்படையாக வருவது ஆதியாகமம் 6:6-இல். "தாம் பூமியிலே மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார், அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது." மனஸ்தாபம் என்ற சொல்லை இன்றைக்கு நாம் வேறு விதமாகப் பயன்படுத்துகிறோம். 'அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம்' என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். சொல்லைப் பிரித்தால் மனம், தாபம். தாபம் என்றால் எரிச்சல், வெப்பம். மனம் சுடுகிறது. உறவு முறிந்த இடத்தில் மனம் எரிகிற அந்தச் சொல்லைக் கர்த்தரைப் பற்றியே படிக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பு கடினம், புரியவில்லை என்று இளையவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். இந்த ஒரு வசனத்துக்காகவாவது அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

'விசனம்' என்று நாம் படிக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருக்கிற சொல்லுக்கு இன்னொரு செய்தி உண்டு. மூன்று அதிகாரங்களுக்கு முன்னால், ஏதேனில், ஏவாளுக்கு 'வேதனையோடே பிள்ளை பெறுவாய்' என்றும், ஆதாமுக்கு 'வருத்தத்தோடே அதின் பலனைப் புசிப்பாய்' என்றும் சொல்லப்படுகிறது. அந்த வேதனையும் அந்த வருத்தமும் இந்த விசனமும் எபிரெயத்தில் ஒரே வேரிலிருந்து வருகிற சொற்கள். பாவத்தின் விளைவாகப் பெண்ணின் உடம்பிலும் ஆணின் உழைப்பிலும் நுழைந்த அதே நோவு ஆறாம் அதிகாரத்துக்குள் தேவனுடைய இருதயத்துக்கும் வந்துவிட்டது. தண்டனையைச் சொன்னவர் வலிக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டிருக்கவில்லை. நான் இதைக் கவனித்த நாளில் மேற்கொண்டு படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏசாயா 63:10-இல் 'பரிசுத்த ஆவியை விசனப்படுத்தினார்கள்' என்கிற இடத்திலும் அதே வேர்தான் இருக்கிறது.

சரி, எல்லாம் அறிந்தவர் எப்படித் துக்கப்படுவார்? இது உங்களுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. தேவன் உணர்ச்சிகளால் ஆட்டிவைக்கப்படாதவர் என்று ஆதிச் சபைப் பிதாக்கள் அழுத்திச் சொன்னார்கள். ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் முதலாவதிலேயே அது இருக்கிறது. அவர்கள் காக்க நினைத்தது ஒரு நல்ல விஷயத்தை. கோபம் வந்தால் தலைகால் புரியாமல் ஆடுகிற, சமாதானப்படுத்தினால் இறங்கிவருகிற தேவனாக அவரை நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னார்கள். ஆனால் அதை வைத்து அவர் கல்லைப்போல இருக்கிறார் என்று முடிவு கட்டினால் வேதத்தில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். 1 சாமுவேல் 15-ஐ எடுத்துப் பாருங்கள். 11-ஆம் வசனத்தில் சவுலை ராஜாவாக்கியது தமக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்று கர்த்தர் சொல்கிறார். 29-ஆம் வசனத்தில், மனம் மாற அவர் மனுஷன் அல்ல என்று தீர்க்கதரிசியாகிய சாமுவேல் சொல்கிறான். 35-இல் மறுபடியும் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று வருகிறது. எழுதியவருக்கு இந்த முரண் தெரியாமல் போயிருக்காது. இரண்டையும் ஒரே அதிகாரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவர் மாறாதவர், அவருக்கு வலிக்கிறது. இரண்டும் மெய்.

முன்னாலேயே தெரிந்திருந்தால் வலிக்காது என்று நாம் நினைக்கிறோம். லாசருவின் கல்லறைக்குப் போன இயேசுவைப் பாருங்கள். 'அவனை எழுப்பப் போகிறேன்' என்று யோவான் 11:11-இல் சீஷர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு நடந்து வெளியே வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்து 35-ஆம் வசனத்தில் கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்திருப்பது நேசிக்கிறவனுடைய வலியைக் குறைப்பதில்லை. டாக்டர் மூன்று மாதம் என்று நாள் குறித்துக் கொடுத்த தகப்பன் இறந்த அன்றைக்குக்கூட நாம் எதிர்பார்க்காதவர்கள்போலத்தான் அழுகிறோம்.

லூக்கா 19:41-இல் அவர் மறுபடி அழுகிறார். லாசருவுக்காக விட்ட கண்ணீருக்கும் எருசலேமுக்காக அழுத அழுகைக்கும் கிரேக்கத்தில் வெவ்வேறு சொற்கள். முன்னது சத்தமில்லாமல் வழிகிற கண்ணீர். பின்னது வாய்விட்டு அழுவது. தமிழிலும் 'கண்ணீர் விட்டார்' என்றும் 'கண்ணீர்விட்டழுது' என்றும் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நண்பனுடைய சாவுக்கு அழுததைவிட, பாவத்தில் நிற்கிற ஒரு நகரத்துக்காக அவர் சத்தமாக அழுதார். அதுவும் எப்போது? சுற்றிலும் ஜனங்கள் வஸ்திரங்களை வழியில் விரித்து, ராஜா வருகிறார் என்று பாடிக்கொண்டிருந்தபோது. குருத்தோலை ஞாயிறன்று நாம் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு பவனி போகிறோமே, அந்தப் பவனியின் நடுவில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். கூட்டத்தில் யாராவது அதைக் கவனித்ததாக லூக்கா எழுதவில்லை. அவர் அழுது சொன்ன அழிவு கி.பி. 70-இல் ரோமர் கையால் வந்தது.

இப்போது கெத்செமனே தோட்டம், இயேசு பிடிபட்ட அந்த இரவு. "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்." மத்தேயு 26:38. தேவனுடைய துக்கத்தில் பங்கு என்று உங்கள் போதகர் சொன்னதற்கு நேரடியான அழைப்பு ஒன்று வேதத்தில் உண்டென்றால் அது இதுதான். கவனியுங்கள், 'அழுங்கள்' என்று அவர் கேட்கவில்லை. இங்கே தங்கி விழித்திருங்கள் என்றார். சீஷர்கள் தூங்கிவிட்டார்கள். 'துக்கத்தினாலே' தூங்கினார்கள் என்று லூக்கா 22:45 சொல்கிறது. அவர்களுக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. அந்தத் துக்கமே அவர்களைத் தூங்க வைத்தது. ஆக, உணர்ச்சி பொங்கியும் அவரோடு இல்லாமல் போகலாம். உணர்ச்சியே இல்லாமல் அவரோடு விழித்திருக்கவும் செய்யலாம். பெரிய வெள்ளியன்று அழாமல் யோசித்துக்கொண்டிருந்த நீங்கள் விழித்துத்தான் இருந்தீர்கள்.

ஆனால், தம்பி, இந்தத் துக்க வீட்டுக்கும் மற்றத் துக்க வீடுகளுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே துக்கம் கேட்க வந்தவனே அந்தச் சாவுக்குக் காரணமானவன். எவனோ செய்த பாவத்துக்காகத் தேவன் துக்கப்படுகிறார், பாவம், நாமும் போய்க் கொஞ்சம் ஆறுதல் சொல்வோம் என்று உட்கார முடியாது. இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

1990-களில் நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தேன். ஒரு இரவு, ஷிஃப்ட் முடிந்து பஸ் புறப்படுகிற நேரம். கடைசிச் சோதனைத் தாளில் ஒன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். சில வாரம் கழித்து அந்தச் சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. விசாரணையில், எனக்குக் கீழே வேலை செய்த ஒரு பையன்தான் சரிபார்த்ததாகச் சொன்னான், அதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். பொய். அவனுக்கு 19 வயசு, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துப் பையன், ஒப்பந்த வேலை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டார்கள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு உறுத்தியது. நன்றாகவே உறுத்தியது. ஆனால் என்ன உறுத்தல் என்று இப்போது யோசித்துப் பார்த்தால், யாருக்காவது தெரிந்துவிடுமோ, சபையில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், கர்த்தர் என் பிள்ளைகளைத் தண்டிப்பாரோ என்பதுதான். எல்லாமே என்னைப் பற்றியது. முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன், அழுதும் இருக்கிறேன். அப்புறம் அது மெல்ல ஆறிப்போனது. உள்ளூர்ப் பிரசங்கியாராகி மனந்திரும்புதலைப் பற்றிப் பிரசங்கமும் பண்ணினேன்.

பல வருஷம் கழித்து, பட்டர்வர்த்திலிருந்து வருகிற ஃபெர்ரியில் அந்தப் பையனுடைய அத்தையைத் தற்செயலாகப் பார்த்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தொழிற்சாலையின் பெயரைச் சொன்னதும் அவராகப் பேச ஆரம்பித்தார். அவன் சம்பளத்தில்தான் தங்கச்சி படித்துக்கொண்டிருந்தாளாம். வேலை போனதும் அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு தொழிற்சாலைக்குப் போனாளாம். வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பிள்ளை, டீச்சர் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்றார். ஃபெர்ரி கரைக்கு வந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கக் கடைசியானேன்.

அன்றைக்குத்தான் எனக்குத் துக்கம் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் பயமும் வெட்கமும். எனக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அன்றைக்கு விலகி, அவர்களுக்கு என்ன ஆச்சு என்ற கேள்வி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இன்னொன்றும் புரிந்தது. வேலை போன அன்றைக்கு அந்தப் பையன் வீட்டுக்குப் போன பஸ்ஸைக் கர்த்தர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புத்தகங்களைக் கட்டி மேலே வைத்ததைப் பார்த்தார். நான் தூங்கினேன், சாப்பிட்டேன், பிரசங்கம் பண்ணினேன். அத்தனை வருஷமும் அந்தத் துக்கம் அவரிடம் இருந்தது. அவர் தனியாகச் சுமந்துகொண்டிருந்ததில் ஒரு சின்னத் துண்டை ஃபெர்ரியில் என் மடியில் வைத்தார். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

அவனைத் தேடிப் போனேன். பிறையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். "தெரியும் அண்ணே, அப்பவே தெரியும்" என்றான். அவ்வளவுதான். அவன் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் தங்கச்சியிடமும் போய்ச் சொன்னேன். அவளிடம் திருப்பிக் கொடுக்க என் கையில் எதுவும் இல்லை. போன வருஷங்களை ரிங்கிட்டில் எண்ண முடியாது. அந்தக் கதை நல்லபடியாக முடிந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று பவுல் 2 கொரிந்தியர் 7:10-இல் இரண்டைப் பிரிக்கிறார். ஒன்று இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, மற்றது மரணத்தை. இந்த வசனத்தை நான் யூதாஸையும் பேதுருவையும் வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். யூதாஸ் மனம் வருந்தாதவன் இல்லை. 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். 'குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவஞ்செய்தேன்' என்று வாயாலேயே அறிக்கையிட்டான். ஆனால் எங்கே போய்ச் சொன்னான்? பிரதான ஆசாரியரிடம். அவர்கள் என்ன சொன்னார்கள்? 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.' அந்தச் சாவுக்காக வருந்துகிறவர் ஒருவரும் இல்லாத வீட்டுக்குத் தன் துக்கத்தைக் கொண்டுபோனான். பேதுருவும் பாவம் செய்தவன்தான், இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தவன். கர்த்தர் திரும்பி அவனை நோக்கிப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருடைய வலியை இவன் கண்டான். வெளியே போய் மனங்கசந்து அழுதான். ஒருவன் தன் குற்றத்தோடு தனியாக இருந்தான். மற்றவன் காயப்பட்டவருடைய முகத்தைப் பார்த்தபின் அழுதான். நீங்கள் எப்போதாவது உங்கள் பாவத்தை நினைத்து வருந்தும்போது, அந்த வருத்தத்தில் அவருடைய முகம் தெரிகிறதா, உங்கள் முகம் மட்டும்தான் தெரிகிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எந்நேரமும் தன்னை வெறுத்து, தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், 'நான் பாவி, எனக்கு மன்னிப்பு இல்லை' என்று நசுங்கிக்கொண்டிருப்பதை யாரும் பக்தி என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கொரிந்து சபையில் தவறு செய்த ஒருவனைப் பற்றி, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று பவுலே எழுதுகிறார். அந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். இதைச் சொல்லத் தயங்குகிற சபைகளைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம், பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்ற எபேசியர் 4:30. இந்த வசனத்தைக் கேட்டவுடன் நாம் விபசாரம், குடி, சூதாட்டம் என்று பெரிய பட்டியலுக்குப் போய்விடுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பொய் பேசுவது, சூரியன் மறைகிறவரை வைத்திருக்கிற கோபம், திருட்டு, கெட்ட வார்த்தை, கசப்பு, கூக்குரல், தூஷணம். அத்தனையும் ஒரே சபையில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது. நம் சபை வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி 11 மணிக்கு ஓடுகிற பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழுத் தேர்தல் முடிந்த மறுநாள் ஒருவருக்கொருவர் தோத்திரம் சொல்லாமல் போகிறதை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தில் பங்கெடுத்துவிட்டு, பெண் பார்க்கும்போது மட்டும் மெதுவாகச் சாதி விசாரிக்கிறோமே, அதையும். ஆவியானவர் எந்த இடத்தில் துக்கப்படுகிறார் என்று பவுல் காட்டுகிறாரோ அந்த இடத்தில் நாம் துக்கப்படுவதே இல்லை. நமக்கு அது பாவமாகவே தெரிவதில்லை.

இப்போது உங்கள் அண்ணன். அவர்மேல் கோபம் வருவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மாற்கு 3:5-இல், சூம்பின கைக்காரனைக் குணமாக்குவதற்கு முன், இயேசு தம்மைக் குற்றஞ்சாட்டக் காத்திருந்தவர்களைக் கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார் என்று இருக்கிறது. அதே வசனத்தில், அவர்கள் இருதயகடினத்தினிமித்தம் விசனப்பட்டார் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே பார்வையில் இருந்தன. உங்களிடம் ஒரு பாதி இருக்கிறது. அதுவும் சும்மா வந்ததில்லை. கேட்டில் வழிந்த சாயத்தை விடிவதற்கு முன் தேய்த்துக் கழுவியது யார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

லூக்கா 15-இல் கெட்டுப்போன குமாரன் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருப்பீர்கள். அதில் வீட்டிலேயே இருந்த பிள்ளையைக் கொஞ்சம் பாருங்கள். தகப்பன் எத்தனை நாள் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, மகன் தூரத்தில் வரும்போதே கண்டுகொண்டார். மூத்தவன் அதே வீட்டில்தான் இருந்தான். ஒழுங்காக வேலை செய்தான். ஆனால் தகப்பனுடைய அந்தக் காத்திருப்பில் ஒரு நாளாவது அவர் பக்கத்தில் வந்து நின்றதாகக் கதையில் இல்லை. அதனால்தான் தம்பி திரும்பி வந்தபோது அவனால் 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்று சொல்ல முடிந்தது. தகப்பன் அதை அப்படியே மாற்றித் திருப்பிக் கொடுக்கிறார்: 'உன் சகோதரனாகிய இவன்.' துக்கத்தில் பக்கத்தில் நிற்காதவன் சந்தோஷத்திலும் வெளியே நின்றுவிட்டான். உங்கள் கடிதத்தில் 'என் அண்ணன்' என்றுதான் ஆரம்பித்தீர்கள். அந்த 'என்' இன்னும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

துக்கப்படுவது என்றால் கடனை நீங்கள் கட்ட வேண்டும் என்றோ, அவர் கேட்கும்போதெல்லாம் பணம் கொடுக்க வேண்டும் என்றோ அர்த்தம் இல்லை. கொடுக்காதீர்கள். மிரட்டல் வந்தால் போலீஸில் புகார் செய்யுங்கள். ஓசியா தீர்க்கதரிசி, தன்னை விட்டுப் போன மனைவியை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தபோதுகூட, இனி இப்படி இரு என்று நிபந்தனை வைத்துத்தான் கூட்டி வந்தான். அந்த ஓசியாவின் வாயால்தான் கர்த்தர் 11-ஆம் அதிகாரத்தில், "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று கேட்கிறார். கண்டிப்பும் அந்தக் கேள்வியும் ஒரே ஆளிடமிருந்து வந்தன.

எப்போதும் சோகமாகவே இருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். சவுலுக்காக ராமுழுதும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவன் சாமுவேல். தேவனுடைய துக்கத்தில் பங்கெடுத்தவர் யார் என்று கேட்டால் அவன் பெயரை முதலில் சொல்வேன். ஆனால் 1 சாமுவேல் 16:1-இல் கர்த்தரே அவனிடம், எந்தமட்டும் நீ சவுலுக்காகத் துக்கித்துக்கொண்டிருப்பாய், உன் கொம்பைத் தைலத்தால் நிரப்பிக்கொண்டு வா என்கிறார். தைலம், சவுலுக்கு அடுத்த ராஜாவாகப் போகிற தாவீதின் தலைக்கு. துக்கத்தில் அழைத்தவரே எழுந்திரு என்றும் சொன்னார். அந்த நேரம் வரும்போது அவர் சொல்வார். நீங்களாகக் குறுக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம்.

கடைசியாக, உங்கள் அம்மா. தேவனுடைய துக்கத்தை எங்கே போய்க் கேட்பது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. அது உங்கள் ஹாலில், ராத்திரியில், சத்தம் கேட்காமல் நடந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவுதான். இன்றைக்கு ராத்திரி அதைச் சாத்தாதீர்கள். வெளியே வந்து அம்மா பக்கத்தில் உட்காருங்கள். ஜெபம் வரவில்லை என்றால் பண்ண வேண்டாம், அழுகை வரவில்லை என்றால் அழ வேண்டாம். அண்ணன் சின்ன வயசில் எப்படி இருந்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அம்மா சொல்வார்.